படிப்பவரைத் தேடும் எழுத்து

(தமிழாசிரியர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துருவம்)



ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதுகிறது. கட்டுரை எழுதுகிறது, மடல் எழுதுகிறது, வினாவுக்கு விடை எழுதுகிறது. அத்தனை தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அப்பிள்ளையின் இடுப்பளவுக்கு வந்து நிற்கும். ஆனால் அவற்றைப் படித்தவர் எத்தனை பேர்? ஆசிரியர் ஒருவரே! அவரும் செய்தி அறிவதற்காகப் படிப்பதில்லை. பிழை காண்பதற்காகவும் மதிப்பெண் இடுவதற்காகவுமே படிக்கிறார். அவருடைய சிவப்பு மை பட்ட அன்றே அவ்வெழுத்தின் வாழ்நாள் முடிந்துவிடுகிறது. தேர்வு முடிந்தபின் அது பழந்தாள் கடைக்காரரின் நிறைதட்டுக்குப் போகிறது.

இதனால் விளைவது யாது? 'எங்கள் ஊர்ச் சந்தை' என்று தலைப்புக் கொடுத்தால், தெருமுனையில் இருக்கும் சந்தையைப் பிள்ளை போய்ப் பார்ப்பதில்லை, விடைநூலைப் புரட்டுகிறது. நாற்பது பிள்ளைகளும் நாற்பது தாள்களில் ஒரே சந்தையை எழுதுகின்றனர். அந்தச் சந்தை எந்த ஊரிலும் இல்லை! பிள்ளைகள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் எவர்தாம் தம் நெஞ்சைத் திறந்து பேசுவர்?

இந்நோய்க்கு மருந்து கண்ட ஆசிரியர் ஒருவரின் வரலாற்றைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கு மலைப்பகுதியில் 1896இல் பிறந்தவர் செலெசுத்தேன் பிரெனே. முதல் உலகப்போரில் 1917இல் அவர் படுகாயமுற்றார், நுரையீரல் பழுதுபட்டது. 1920இல் பார்-சூர்-லூ என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியப் பணியேற்றபோது, நெடுநேரம் உரத்துப் பேச அவருக்கு மூச்சு இல்லை. ஆசிரியர் முழங்க, பிள்ளைகள் கைகட்டி வாய்பொத்திக் கேட்கும் வகுப்பை அவரால் நடத்த இயலவில்லை. பேச இயலாத ஆசிரியர், பிள்ளைகளைப் பேசவிட்டார்! ஊருக்குள்ளும் வயல்வெளிகளுக்கும் அவர்களை அழைத்துச் சென்றார். கண்டவற்றைச் சொல்லச் செய்தார். அவர்கள் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினார். நத்தைகளை ஊரவிட்டு எது முந்தும் என்று பிள்ளைகள் போட்டி பார்த்த கதையும் அவ்வாறே கரும்பலகையில் ஏறிற்று. தங்கள் கதையைத் தாங்களே படிக்கும்போது பிள்ளைகளுக்கு இருந்த ஊக்கம் பாடநூலைப் படிக்கும்போது இருந்ததில்லை. ஆனால் அடுத்த பாடத்துக்காகப் பலகையைத் துடைத்ததும் எல்லாம் மறைந்து போயிற்று. அழியாத பலகை ஒன்று வேண்டும் என்று அவர் எண்ணினார். 1924இல் சிறியதொரு கையச்சுப் பொறியை வாங்கி வகுப்பறைக்குள் வைத்தார்.

அப்பொறி செய்த வேலை இது. பிள்ளைகள் தாம் விரும்பிய பொருளைப் பற்றி, விரும்பியபோது எழுதினர். எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டினர். எது அச்சேற வேண்டும் என்பதைத் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்தனர். தேர்ந்ததை ஆசிரியரும் பிள்ளைகளும் கூடித் திருத்தினர். பின்னர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரி வரியாகக் கோத்தனர். ஈய எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நிற்பது. ஒரு சொல்லைக் கோக்க அதன் ஒவ்வோர் எழுத்தையும் கையால் தொட்டாக வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அத்தனை தாள்களிலும் பிழை பதியும்; அத்தனை வீடுகளிலும் அது படிக்கப்படும். பிழையைத் திருத்தப் பிரம்பு தேவைப்படவில்லை. படிப்பவர் உண்டு என்னும் எண்ணமே போதியதாயிற்று.

அடுத்து, அவ்வெழுத்து ஊரைத் தாண்டிற்று. நாட்டின் மறுகோடியில், வடமேற்கே, பிரித்தானிக் கடற்கரைப் பக்கத்தில் திரேகுன் என்னும் ஊர்ப்பகுதியில் இரெனே தானியேல் என்னும் ஆசிரியர் பணியாற்றினார். இருவர் வகுப்புகளும் தாம் அச்சிட்ட தாள்களை அஞ்சலில் மாற்றிக்கொண்டன. மலைநாட்டுப் பிள்ளை கடலைப் பற்றிப் படித்தது. கடற்கரைப் பிள்ளை மலையைப் பற்றிப் படித்தது. தன் ஊரைக் கண்டிராத ஒருவனுக்கு அதை விளக்க வேண்டுமாயின், நாள்தோறும் கண்டு பழகியதையே மீண்டும் உற்றுப் பார்க்க வேண்டும் அன்றோ? அவ்வாறு பார்த்தனர், பார்த்ததை எழுதினர். பிற பள்ளிகளும் வந்து சேர்ந்தன. 1927 முதல் பல பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துகளைத் தொகுத்து 'இலா செர்பு' என்னும் இதழ் வெளிவந்தது. கதிர்க்கட்டு என்பது அப்பெயரின் பொருள். தனித்தனி வயலில் விளைந்ததை ஒன்றாகக் கட்டியதற்கு எத்துணைப் பொருத்தமான பெயர்!

அவையோரே! எழுத்துக்குப் படிப்பவர் கிடைத்தால், அதன் பின்னே பகைவரும் வருவர். 1928இல் பிரெனே சேன்-போல் என்னும் ஊர்ப் பள்ளிக்கு மாறினார். அங்கே சிறுவன் ஒருவன் தான் கண்ட கனவை எழுதினான். பள்ளிக்கு விலையின்றித் தரவேண்டிய பொருள்களைத் தர மறுத்த ஊர்த்தலைவரை எதிர்த்து வகுப்பே கிளர்ந்தெழுவதாகவும், அவர் தன்னைக் கத்தியால் குத்த, தான் அவரைக் கொன்றுவிடுவதாகவும் கண்ட கனவு அது. கனவுக்கு யார் பொறுப்பு? ஆயினும், 1932 திசம்பரில் அவ்வெழுத்தை ஊர்ச் சுவர்களில் ஒட்டி, இவ்வாசிரியர் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று பகைவர் கூக்குரலிட்டனர். பழமைப் போக்குடைய நாளிதழ்கள் அத்தீயை ஊதி வளர்த்தன. 1933 ஏப்பிரலில் பள்ளி முன் கூட்டங்கூடி ஆர்ப்பரித்தனர். அவ்வாண்டே அவர் அப்பள்ளியினின்று அகற்றப்பெற்றார்.

அவர் ஓய்ந்துவிட்டாரா? இல்லை! வான்சு என்னும் ஊரையடுத்து 1935இல் தம் சொந்தப் பள்ளியைத் திறந்தார். 1940இல் அரசு அவரைத் தளைப்படுத்திக் காவற்பாடிகளில் அடைத்தது, 1941இல் வெளிவந்தார், மீண்டும் பணி தொடர்ந்தார். 1966இல் அவர் மறைந்தபோது அவர்தம் கல்விமுறை பல நாடுகளில் வேரூன்றியிருந்தது.

இன்று அந்தப் பொறியைப் பெற விலை கொடுக்க வேண்டியதில்லை. இணையத்தில், புதியது மேலும் பழையது கீழுமாக, நாளிட்டு அடுக்கப்படும் எழுத்துப் பக்கத்தை ஆங்கிலத்தில் 'பிளாக்' என்பர். தமிழர் அதற்கு 'வலைப்பூ' என்று பெயரிட்டனர். 1999இல் 'பிளாகர்' என்னும் தளமும், 2003இல் 'வேர்டுபிரசு' என்னும் மென்பொருளும் வந்தபின், கணிப்பொறி நுட்பம் அறியாதவரும் வலைப்பூத் தொடங்க முடிந்தது. பிரெனேயின் பிள்ளைகள் ஒரு பக்கத்தை அச்சிட எடுத்துக்கொண்ட நேரத்தில், இன்று ஒரு பிள்ளையின் எழுத்து உலகைச் சுற்றி வந்துவிடும்.

கருவி மாறிற்று, கதை மாறவில்லை. இசுகாத்துலாந்தின் மேற்குப் பகுதியில் 9 அகவைச் சிறுமி ஒருத்தி, 2012 ஏப்பிரலில், தந்தையின் துணையோடு 'நெவர்செகண்ட்சு' என்னும் வலைப்பூவைத் தொடங்கினாள். பள்ளியில் தனக்குக் கிடைத்த நண்பகல் உணவை ஒளிப்படம் எடுத்து, சுவை எப்படி, எத்தனை வாய் உணவு, உடலுக்கு நல்லதா என்று எழுதி மதிப்பெண் இட்டாள். ஆம், இங்கே மதிப்பெண் இட்டவள் மாணவி! பல நாட்டுப் பிள்ளைகள் தங்கள் உணவுத் தட்டின் படங்களை அவளுக்கு விடுத்தனர். அவ்வாண்டு சூனில், பள்ளியில் படம் எடுக்கலாகாது என்று வட்டார ஆட்சிமன்றம் தடை விதித்தது. தடைச் செய்தி பரவியதும் உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மறுநாளே மன்றம் தடையை விலக்கிக்கொண்டது. ஏழை நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் அறநிலையம் ஒன்றுக்காக அவள் தன் வலைப்பூவழித் திரட்டிய தொகை ஒரு நூறாயிரம் பவுண்டைத் தாண்டிற்று. அதைக்கொண்டு ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு பள்ளிச் சமையற்கூடம் எழுந்தது.

1932இல் ஊர்த்தலைவர், 2012இல் ஆட்சிமன்றம். பிள்ளை பொய்யாக எழுதும்வரை எவரும் சினப்பதில்லை. தான் கண்டதையும் உண்டதையும் எழுதினால் பெரியவர் சிலர் நடுங்குகின்றனர். பிள்ளைக்கு எழுதுகோல் கொடுக்கும் ஆசிரியர், அவ்வெழுத்துக்காகப் பழி வந்தால் முன்னே நின்று தாங்கவும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அந்த உறுதி இல்லாதவர் வலைப்பூத் தொடங்குவது வீண். அது இன்னொரு விடைத்தாளாகவே முடியும்.

தமிழ்ப் பள்ளிகளுக்கு இது முற்றிலும் புதியதன்று. மாணவர் தம் கையால் எழுதி, படம் வரைந்து, ஒரே படியாகக் கட்டி, கைக்குக் கை மாற்றிப் படித்த கையெழுத்து ஏடுகள் தமிழகத்துப் பள்ளிகள் பலவற்றில் இருந்தன. அவ்வேட்டின் பிள்ளையே வலைப்பூ. தமிழில் தட்டெழுதத் தடையும் இன்று இல்லை. 1991இல் ஒருங்குறி முதன்முதல் வந்தபோதே தமிழெழுத்து அதில் இடம்பெற்றது. 1999இல் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. கருவி இருக்கிறது, எழுத்து இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. தேவைப்படுவது தொடங்கும் ஆசிரியர் ஒருவரே.

தொடங்கும் முறையும் எளியதே. கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கட்டும். பெற்றோரிடம் முன்கூட்டியே இசைவு பெறுக. பிள்ளைகளின் முழுப் பெயரும் முகப்படமும் வீட்டு முகவரியும் ஒருபோதும் வெளிவரலாகாது. முன்பின் அறியாதவர் எழுதும் மறுமொழி, ஆசிரியர் பார்த்த பின்னரே பக்கத்தில் ஏற வேண்டும். கிழமைக்கு ஓர் எழுத்துப் போதும். அதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்து, கூடித் திருத்தி ஏற்றட்டும். கரும்பலகையில் பிறமொழிச் சொல் ஒன்று வந்து விழுந்தால், அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் வேலையை அப்பிள்ளைகளிடமே விடுக. வினவித் தேடிக் கண்ட சொல் நாவை விட்டு நீங்காது. வேற்றூர்ப் பள்ளி ஒன்றைத் துணைப்பள்ளியாகக் கொள்க. தஞ்சை வயலைச் சேர்ந்த பிள்ளைக்கு நீலமலைப் பிள்ளையோ யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ படிப்பவராகக் கிடைத்தால், இருவர் ஊரிலும் வழங்கும் சொற்கள் இருவர்க்கும் உரியனவாகும். ஏற்றியதை எல்லாம் தாளிலும் படியெடுத்து வைக்க வேண்டும். இணையத்தில் பலர் விலையின்றிப் பக்கம் நடத்திய 'சியோசிட்டீசு' என்னும் பெருந்தளத்தை அதன் நிறுவனம் 2009இல் மூடியபோது, படியெடுத்து வைக்காதவர் எழுத்துகள் அவர்கள் கையைவிட்டுப் போயின. பிறர் நிலத்தில் குடியிருப்பவர் விதைநெல்லைத் தம் வீட்டில் வைத்திருத்தல் நன்று.

கணிப்பொறி இல்லாத பள்ளி என்ன செய்யும்? ஒரு குயர் தாளும் ஓர் அஞ்சல் உறையும் போதும். பிரெனேயின் வகுப்புக்கு அஞ்சலே வழியாயிற்று.

தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவது எளிது. வகுப்பறையில் அத்தமிழ், மதிப்பெண் வாங்குவதற்கு மட்டும் எழுதப்படும் மொழியாக இருக்குமாயின், தேர்வு முடிந்த அன்றே பிள்ளை அதைக் கீழே வைத்துவிடும். தன் தமிழை எங்கோ ஒருவர் ஆவலோடு படிக்கிறார், படித்து மறுமொழி எழுதுகிறார் என்று ஒருமுறை அறிந்த பிள்ளை அதைக் கீழே வைக்காது. ஆசிரியப் பெருமக்களே, அந்த ஒருவரைத் தேடிக் கொடுங்கள்! வரும் கிழமையே ஒரு வகுப்பில் தொடங்குங்கள். அடுத்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்க்கு இன்றே ஒரு மடல் எழுதுங்கள்!