பிஸ்கட்டுக்குச் சர்க்கரைப் பூச்சு



டிசம்பர் வந்தால் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்வார்கள். குல்குல் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவார்கள். பிஸ்கட் மேல் வண்ணச் சர்க்கரை பூசுவார்கள். இந்தப் பூச்சின் பெயர் ஐசிங்.

வண்ணத்தில் ஆபத்தும் உண்டு. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு, செயற்கைச் சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. சோதனையில் ரோடமின்-பி இருப்பது தெரிந்தது. அது துணிக்குப் போடும் சாயம். அதைக் குழந்தைகள் தின்னலாமா?

நல்ல பூச்சை வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் சர்க்கரையை மிக்சியில் மாவாக அரைத்துச் சலியுங்கள். காய்ச்சி ஆறிய பாலைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டுக் குழையுங்கள். சுமார் 3 தேக்கரண்டி போதும். இட்லி மாவுப் பதம் வேண்டும். நீர்த்தால் சர்க்கரை மாவு சேருங்கள். இறுகினால் சொட்டுப் பால் விடுங்கள்.

ரோஜா நிறம் வேண்டுமா? ஒரு தேக்கரண்டி பாலுக்குப் பதில் பீட்ரூட் சாறு விடுங்கள். மஞ்சள் நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும்.

பிஸ்கட் ஆறிய பிறகே பூசுங்கள். சூட்டில் பூசினால் உருகி வழியும்.

கடையில் வண்ணம் வாங்குகிறீர்களா? உறையைப் படியுங்கள். உணவுக்கானது என்று எழுதியிருக்கிறதா? 14 இலக்க உரிம எண் இருக்கிறதா? இல்லையென்றால் வாங்காதீர்கள். நாம் எழுத்துப் படித்தது இதற்கும்தான்!