நோயாளரும் வானவழிப் பயணமும்



உயரம் மிக மிகக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது பள்ளிப் பாடம். 1648-இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயைப் பிரான்சு நாட்டு மலையொன்றின் உச்சிக்கு எடுத்துச் சென்று நிலைநாட்டிய உண்மை அது. அதை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். எனினும், அப்பாடத்தை நான் உள்ளபடியே கற்றது ஓர் ஆகாய விமானத்தில்தான்.

என் தங்கை வாழ்வது அந்தமானில். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றதே, அந்தப் போர்ட் பிளேர் நகரில். அவள் சென்னைக்கு வந்து புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் சுற்று முடிந்த வேளையில் மகளின் நிச்சயதார்த்தம் குறுக்கிட்டது. கப்பலில் செல்ல மூன்று நாளாகும். விமானத்திலோ இரண்டு மணி நேரம் சொச்சம். பயணச்சீட்டை நானே வாங்கினேன்.

"அண்ணா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றாள்.

"உட்கார்ந்து செல்வதற்கு உத்தரவு எதற்கம்மா?" என்றேன் நான்.

விமானம் உயர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது, தலை சுழன்றது, என் கையைப் பற்றியவள் பேச இயலாமல் சாய்ந்தாள். பணிப்பெண்கள் விரைந்து வந்து பிராணவாயு அளித்தனர். இறைவன் அருளால் பிழைத்தாள்.

நடந்தது என்ன? விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் அதனுள்ளே காற்றை அழுத்தி வைக்கின்றார்கள். ஆயினும் அவ்வழுத்தம் தரைமட்டத்தின் அளவுக்கு இராது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி வரை உயரமுள்ள மலையில் இருப்பதற்கே ஒப்பாகும். சுருங்கச் சொன்னால், இருக்கையில் அமர்ந்தபடியே நாம் உதகமண்டலம் ஏறிவிடுகின்றோம். எட்டாயிரம் அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயு, தரையில் கிட்டுவதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். நலமுள்ளவரின் உடல் அதைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், மருந்தின் விளைவால் என் தங்கைக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு 7 கிராமுக்குச் சற்றே மேல். அந்தச் சோதனைத் தாள் என் பையிலேயே மடித்துக் கிடந்தது! அதை மருத்துவரிடம் காட்டாதது என் குற்றமே.

பாயில் விதியையும் நினைவு கூருங்கள். அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். விமானத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருகக்கூடும். வயிற்றிலோ, மார்பிலோ, மூளையிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் உடலுள் சிக்கியிருக்கும் காற்றும் அவ்வாறே விரிந்து தீங்கு செய்யலாம். ஆதலால் எத்தனை நாள் கழித்துப் பறக்கலாம் என்பதை அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இன்னும் சில கேளுங்கள். புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகுதி. அசையாது நெடுநேரம் அமர்ந்திருந்தால் அது மேலும் கூடும். எனவே இடையிடையே எழுந்து நடத்தல், கணுக்காலை அசைத்தல், தண்ணீர் அருந்துதல் வேண்டும். மருந்தேற்றிய பின் ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். அந்நாட்களில் பயணத்தைத் தவிர்க்கலாமா என்று கேட்டறிவது நன்று. செல்லத்தான் வேண்டுமெனில் முகக்கவசம் அணிவதும் கைகளைக் கழுவுவதும் காப்பாகும். மருந்துகளும் மருத்துவர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டி வழிதவறினாலும் மருந்து தவறாது. கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள் சில வாரங்கள் வரை விமான நிலையக் கருவிகளை ஒலிக்கச் செய்யக்கூடும். அவர்களுக்கும் அக்கடிதமே துணை.

இவற்றைக் கேட்டுப் புற்றுநோயாளர் பறக்கவே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிச்சயதார்த்தம் முடிந்தபின் என் தங்கை நான்காம் சுற்றுக்குச் சென்னை திரும்பியதும் விமானத்தில்தான். இம்முறை முதலில் மருத்துவரைக் கண்டோம். இரத்தம் ஏற்றினார்கள், மறுசோதனை செய்து, பறக்கலாம் என்று எழுதித் தந்தார்கள். விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பிராணவாயுவுக்கும் சக்கர நாற்காலிக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தோம். அவள் சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதே வழி, அதே உயரம். இடையில் மாறியது நாங்கள் கேட்ட ஒரு கேள்விதான்.

மாணவர்களே, இன்று வீட்டுப் பெரியவர்களுக்குக் கைபேசியில் பயணச்சீட்டுப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாமே? பணம் செலுத்துமுன், "மருத்துவரைக் கேட்டீர்களா?" என்று கேளுங்கள். என் தங்கை கேட்டாள்; படித்தவன் என்ற செருக்கில் நான் தட்டிவிட்டேன். நீங்கள் அப்பிழையைச் செய்யாதிருந்தால், இந்த முதிய ஆசிரியனின் பாடம் வீண்போகாது.