கொல்கத்தா டிராம்: சாலை யாருக்குச் சொந்தம்?



1953ஆம் ஆண்டு இரண்டு பெருநகரங்களின் போக்குவரத்து வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது. 1895 முதல் மின்சார டிராம் ஓடிய சென்னையில், அதை நடத்திவந்த நிறுவனம் நட்டத்தில் மூழ்கியதால் அவ்வாண்டு ஏப்ரலில் வண்டிகள் நின்றன. மூன்றே மாதங்களில், கொல்கத்தாவில் டிராம் கட்டணம் ஒரு பைசா உயர்த்தப்பட்டதை எதிர்த்து நகரமே வீதிக்கு வந்தது. பின்னர் தில்லியிலும் மும்பையிலும் டிராம் மறைந்தது. கொல்கத்தாவில் மட்டும் அது தொடர்ந்து ஓடியது.

அந்தக் கடைசி நகரத்திலும் 2024 செப்டம்பரில் மாநில அரசு முடிவுரை எழுத முற்பட்டது. மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு சுற்றுப்பாதையை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு, மற்ற தடங்களைக் கைவிடப்போவதாகப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். சாலை நெரிசலே அதற்குக் கூறப்பட்ட காரணம். பழைய வண்டி ஒன்றின் மீதான ஏக்கமாக இப்பிரச்சினையைச் சுருக்கிப் பார்ப்போர் உண்டு. ஒரு நகரத்தின் சாலை எந்த வர்க்கத்தின் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்படுகிறது என்பதே இதில் அடங்கியுள்ள கேள்வி.

லண்டன் கம்பெனியும் செங்கொடியும்

கொல்கத்தாவின் முதல் டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று சியால்டாவிலிருந்து ஹூக்ளிக் கரையின் ஆர்மீனியன் படித்துறை வரை குதிரைகளால் இழுக்கப்பட்டது. அது அவ்வாண்டே நட்டத்தில் நின்றுபோனது. 1880இல் லண்டனில் கம்பெனி பதிவானது. 1902இல் எஸ்பிளனேடுக்கும் கிதர்பூருக்கும் இடையே மின்சார வண்டி ஓடியது. 1911 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக விளங்கிய ஊரில் துறைமுகமும் அலுவலகங்களும் இயங்க, ஆயிரக்கணக்கானோரை நாள்தோறும் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது. உழைப்பு இங்கே, இலாபம் லண்டனுக்கு.

அந்தக் கம்பெனியின் தொழிலாளர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும், வங்காளி பேசுவோரும் இந்தி பேசுவோரும் இருந்தனர். 1946 ஆகஸ்டில் மதவெறிப் படுகொலை நகரைச் சிதைத்தது. ஐந்தே மாதங்களில், 1947 ஜனவரியில், இதே டிராம் தொழிலாளர்கள் ஒன்றுபட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 85 நாட்கள் நீடித்தது. இரத்தம் காயாத வீதிகளில் மதம் கடந்து இத்தனை நாள் உறுதியாக நிற்க முடிந்ததற்குத் தொழிற்சங்கம் கட்டிய ஒற்றுமையே காரணம்.

ஒரு பைசா

1953 ஜூலை முதல் நாள் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரு பைசா உயர்வு நடைமுறைக்கு வந்தது. அன்றைய ரூபாய்க்கு 64 பைசா. வசதி படைத்தவருக்கு அது கணக்கில் வராத காசு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்தோர், சிறு ஊழியர், மாணவர், கூலித் தொழிலாளர் ஆகியோருக்கு நாள்தோறும் இருமுறை கையிலிருந்து போகும் காசு. இடதுசாரிக் கட்சிகள் எதிர்ப்புக் குழு அமைத்தன. பயணிகள் வண்டியில் ஏறினர். பழைய கட்டணத்தை நீட்டினர். கூடுதல் பைசாவைத் தர மறுத்தனர். கைதுகளும் தடியடியும் துப்பாக்கிச் சூடும் வந்தன. வேலைநிறுத்தமும் கடையடைப்பும் பதிலாக எழுந்தன. அம்மாதம் முடிவதற்குள் அரசு பணிந்தது; உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது.

கட்டணத்தில் தொடங்கிய போராட்டம் உடைமையைப் பற்றிய கேள்விக்கு இட்டுச் சென்றது. ஓர் அந்நியக் கம்பெனியின் இலாபக் கணக்கு ஒரு நகரத்தின் நடமாட்டத்தைத் தீர்மானிக்கலாமா? 1967இல் ஐக்கிய முன்னணி அரசு டிராம் நிர்வாகத்தைக் கையேற்றது. 1976இல் அது முழுமையாக நாட்டுடைமையானது. உலகின் பல நகரங்கள் டிராமைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1985இல் மாணிக்தலாவிலிருந்து உல்டாடாங்காவுக்கும், 1986இல் பெஹாலாவிலிருந்து ஜோகாவுக்கும் இடது முன்னணி அரசு புதிய தண்டவாளங்களை அமைத்தது.

தவறுகளும் பாடங்களும்

வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹவுரா பாலத்தின் மீது ஓடிய டிராம் 1993இல் நிறுத்தப்பட்டபோது இடது முன்னணியே ஆட்சியில் இருந்தது. நாட்டின் மிகப் பெரிய இரயில் நிலையங்களில் ஒன்றுக்கு நேராகச் சென்ற இணைப்பு அத்துடன் அறுந்தது. பின்னர், அகலமான சாலைகளின் நடுவே டிராமுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டிருந்த பாதைகள் கான்கிரீட் இடப்பட்டு எல்லா வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டன. தனிப்பாதையில் தடையின்றி ஓடிய வண்டி கார்களுக்குப் பின்னால் காத்துநிற்க நேர்ந்தது. வேகம் குறைந்தது; பயணிகள் குறைந்தனர்; வருவாய் சரிந்தது. அந்தச் சரிவே அடுத்த வெட்டுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. இப்பிழையை ஒப்புக்கொள்ளாமல் இன்றைய அழிப்பை எதிர்க்கும் தார்மீக வலிமை கிட்டாது.

2011இல் முப்பதுக்கும் மேற்பட்ட தடங்கள் இருந்தன. 2018இல் மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தபின், பாரத்தைக் காரணம் காட்டிப் பாலங்கள் மீதான சேவைகள் நிறுத்தப்பட்டன. 2020இல் அம்பான் புயல் மின்கம்பிகளை அறுத்தது. பல தடங்களில் அவை மீண்டும் கட்டப்படவே இல்லை. இதற்கிடையே டாலிகஞ்ச், பெல்காச்சியா போன்ற இடங்களில் டிப்போ நிலங்களின் பகுதிகள் விற்பனைச் சரக்காயின. நகரத்தின் மையத்தில் பல ஏக்கர் பொது நிலம் வெறும் டிராம் நிற்கும் இடமாக நில வணிகத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்டவாளங்கள் மீது தார் ஊற்றப்பட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுக்க வேண்டியிருந்தது.

நெரிசல் என்னும் வாதம்

கொல்கத்தாவின் பரப்பில் சாலைகள் சுமார் 6 விழுக்காடே என்பது அரசின் வாதம். உண்மையே. ஆனால் அரிதான ஒரு பொருளை எப்படிப் பங்கிடுவது? பஞ்ச காலத்தில் அரிசியைப் பணம் படைத்தவருக்கு முதலில் அளப்பதில்லை. ஒருவரோ இருவரோ செல்லும் கார் அடைத்துக்கொள்ளும் இடத்தையும், நூறு பேருக்கு மேல் ஏற்றும் டிராம் கொள்ளும் இடத்தையும் பயணி ஒருவருக்கு இத்தனை என்று கணக்கிட்டால், எதைச் சாலையிலிருந்து அகற்ற வேண்டும் என்பது விளங்கும்.

மழைக்காலத்தில் தண்டவாளத்தில் இருசக்கர வாகனங்கள் சறுக்குகின்றன என்ற புகாரும் பொய்யன்று. தண்டவாளத்தையும் சாலையையும் ஒரே மட்டத்தில் பராமரிப்பது அதற்குத் தீர்வு. பராமரிப்பைக் கைவிட்டவர்கள் அதன் விளைவைக் காட்டியே சேவையையும் கைவிடக் கூடாது.

டிராமுக்கு இழைக்கப்பட்டது மிதிவண்டிக்கும் இழைக்கப்பட்டது. 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டி தடைசெய்யப்பட்டது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் குழாய் பழுதுபார்ப்பவரும் அபராதம் கட்டும் குற்றவாளிகளாயினர். தனியார் பேருந்துகளிலோ ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளமில்லை. டிக்கெட் விற்பனையில் கமிஷன். பயணிக்காக ஒரு பேருந்து இன்னொன்றை முந்தி ஓடுவதும், அதில் உயிர்கள் போவதும் இம்முறையின் விளைவுகள். ஓட்டுநரை மட்டும் தண்டிப்பதால் இது மாறாது.

மெட்ரோ வரவேற்கத்தக்கது. 1984இல் நாட்டின் முதல் மெட்ரோ ஓடியதும், 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் பயணம் தொடங்கியதும் இந்நகரின் பெருமைகள். எனினும் நீண்ட தூரத்தைக் கடக்க உதவும் மெட்ரோ, இரண்டு நிறுத்தம் தள்ளியுள்ள சந்தைக்குக் கூடையோடு செல்லும் மூதாட்டிக்குத் தெருவிலேயே நிற்கும் வண்டியாக முடியாது. 1938இல் டிராமை ஒழித்த பாரிஸ், விரிவான மெட்ரோ இருந்தும் 1992இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

மின்சாரப் பேருந்து வந்துவிட்டதே என்பர். அதுவும் தேவையே. ஆயினும் இன்று நாடெங்கும் முன்தள்ளப்படும் ஏற்பாட்டில் பேருந்தும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்தைச் சேர்ந்தவை. பொதுப் போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கட்டும். பசுமையின் பெயரால் தனியார்மயம் நுழைகிறது. பேட்டரியே தேவைப்படாமல் பல பத்தாண்டுகள் உழைக்கும் பொதுத்துறை மின்வண்டியோ பழைய இரும்பாகிறது.

முன்னுள்ள கடமை

எஞ்சிய தண்டவாளங்களைப் பெயர்க்கக் கூடாது. அகலமான சாலைகளில் டிராமுக்குத் தனிப்பாதை மீள வேண்டும். டிப்போ நிலங்கள் பொதுப் போக்குவரத்துக்கே உரியவை. ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரமாக வேண்டும். பேருந்துத் தொழிலாளருக்குக் கமிஷனுக்குப் பதிலாக மாதச் சம்பளம் வேண்டும். மிதிவண்டித் தடை முற்றாக நீங்க வேண்டும். இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கம் தனியாகவும் பயணிகள் தனியாகவும் எழுப்பினால் இரண்டும் தோற்கும்.

1953இன் பாடம் இதுவே. ஒரு பைசாவைத் தர மறுத்த பயணியும், பழைய கட்டணத்தை ஏற்க வேண்டி நின்ற நடத்துநரும் ஒருவரையொருவர் எதிரியாகக் கருதியிருந்தால் கம்பெனி வென்றிருக்கும். சென்னையாயினும் கொல்கத்தாவாயினும், பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்போரிடம் கட்சி உறுப்பினர் தொடங்க வேண்டிய உரையாடல் எளிமையானது: எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள், அந்த நேரத்தில் எத்தனை கார்கள் கடந்து சென்றன?