உளிக்குப் பின்னால் துருத்தி
(ஆம்பூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வேலூர்க் கோட்டையைப் பார்க்காதவங்க இங்கே இருக்க மாட்டீங்க. 16ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மி நாயக்கர் கட்டினார் என்று மனப்பாடம் பண்ணியிருக்கோம். 133 ஏக்கர், கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். கல்யாண மண்டபத் தூண்களில் யாளி, குதிரை வீரர். அந்தக் ‘கட்டினார்’ என்ற சொல்லைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும்.

கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். அதை உலையில் காய்ச்சி, அடிச்சு, தோய்ச்சல் போட்டால்தான் மறுபடி வேலை. ஆகவே கல்தச்சன் இருக்கிற இடத்தில் கொல்லன் உலை வேணும். உலைக்குக் காற்று வேணும், காற்றுக்குத் துருத்தி வேணும். துருத்தி எதால் ஆனது? தோலால். தோலை உரிச்சு, ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுப் பதப்படுத்தியவன் இல்லாமல் யாளிக்குப் பல் முளைச்சிருக்காது.

இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு பிடிச்ச வேல்ஸ் நாட்டில் பியூமாரிஸ் என்று ஒரு கோட்டை. 1296இல் அதைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கருவூலத்துக்குக் கடிதம் எழுதினார்கள்: கல்தச்சர் 400, சில்லறை ஆட்கள் 2,000, கல் உடைப்பவர் 200, கொல்லர் 30. கூலி பாக்கி நிற்கிறது, பணம் அனுப்புங்கள் என்று எழுதிய கடிதம் அது. அந்தப் பாக்கியால்தான் அவர்களுடைய எண்ணிக்கையாவது நமக்குத் தெரியுது.

இங்கே? 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கு. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு வீடும் பங்கும் எழுதியிருக்கு. அதே சுவரில் நாமும் இருக்கோம். கோயிலுக்கு வரி கொடுக்கிற ஊர்களில், வரி இல்லை என்று கழிச்ச நிலங்களின் பட்டியலில் இருக்கோம்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லையும் அங்கே வெட்டி வச்சிருக்காங்க. ஆள் கணக்கில் நமக்கு இடமில்லை, நிலக் கணக்கில் கழிவாக வந்தோம்.

மத்தளமாகத் தோல் கோயிலுக்குள்ளே போச்சு. பதப்படுத்தினவன் வெளியே நின்னான். தோலுக்கு இல்லாத தீட்டு ஆளுக்கு எப்படி ஒட்டிச்சு? சென்னை மாகாணம் முழுக்கக் கோயில் கதவைத் திறக்க 1947இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது.

நான் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்னவரின் பிள்ளை. இன்றைக்கும் ஆம்பூர் ஷூ கடல் தாண்டிப் போகுது. டப்பாமேல கம்பெனி பெயர் இருக்கு, தைத்த பெண்ணின் பெயர் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்றேன். வீட்டுக்குப் போய்ப் பெரியவங்களிடம் கேளுங்க: எந்தத் தோல், என்ன கருவி, என்ன கூலி? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. கூலிச் சீட்டையும் பி.எஃப். சீட்டையும் தூக்கிப் போடாதீங்க. நம்ம பாக்கிக் கணக்கை நாமதான் பத்திரமா வைக்கணும்.