மணல்மேடும் குடியேறியோர் இல்லமும்



பழைய வீடொன்றைக் காப்பதற்குச் சுவரையும் கூரையையும் செப்பனிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அவ்வீட்டை வாழவைத்த நிலம் கைவிட்டுப் போனால் எஞ்சுவது வெறுங்கூடே. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் வட எல்லையில், மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள மணல்மேடுகள் இதற்குத் தக்க சான்று.

1822ஆம் ஆண்டில் ஜோசப் பெய்லி என்னும் வணிகர் இங்கே குடியேறி, பொட்டவாட்டமி பழங்குடி மக்களிடம் விலங்குத் தோல்களை வாங்கி விற்றார். 1869இல் சுவீடனிலிருந்து வந்த செல்பெர்க் குடும்பத்தினர் அருகிலேயே 80 ஏக்கர் வாங்கிப் பயிரிட்டனர். நூற்றாண்டின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்துத் தாவர அறிஞர் ஹென்றி கௌல்ஸ் இம்மேடுகளை ஆராய்ந்தார். வெறும் மணலில் முதலில் புல், அதன் பின் புதர், முடிவில் காடு என்று தாவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் பெறும் முறையை 1899இல் விளக்கினார்.

இத்தகைய நிலத்தை எஃகு ஆலைகளும் துறைமுகத் திட்டமும் நெருக்கின. 1952இல் டாரதி பியூல் என்னும் அம்மையார் மணல்மேடுகளைக் காக்கும் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டே அச்சங்கம் கௌல்ஸின் பெயர் தாங்கிய சதுப்பு நிலத்தை விலைக்கு வாங்கியது. அண்டை மாநிலமான இல்லினாயின் செனட்டர் பால் டக்ளஸ் இதற்காகப் பல்லாண்டு வாதாடினார். எனினும் நடுப்பகுதி மேடுகள் தப்பவில்லை. அவற்றின் மணல், ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகத்தை விரிவாக்க ஏரியைத் தூர்ப்பதற்குச் சென்றது.

1966இல் சட்டம் பிறந்தது. துறைமுகத்துக்கும் இடம் கிடைத்தது. எஞ்சிய கரைக்கும் காப்புக் கிடைத்தது. அரசு நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கியது. விற்றவர்களிற் பலர் குறித்த காலம்வரை தம் வீட்டிலேயே வசிக்கவும் இசைவளித்தது. 1972இல் செல்பெர்க் பண்ணை சேர்ந்தது. 2019இல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. இன்று ஏறத்தாழ 15,000 ஏக்கரில் பெய்லியின் இல்லமும் செல்பெர்க் பண்ணையும் நிற்கின்றன. டக்ளஸ் பெயரால் அமைந்த இயற்கைக் கல்வி நிலையத்தில் பள்ளிச் சிறுவர்கள் மணலையும் மரத்தையும் நேரிற் கண்டு கற்கின்றனர். சற்றுத் தொலைவில் எஃகு ஆலை புகைகிறது.

ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பூர்விக வீட்டைப் பற்றிக் கவலை கொள்ளும்போது, அதன் பின்னுள்ள தோப்பும் ஊர்க் குளமும் யார் கையில் இருக்கின்றன என்பதையும் விசாரிப்போம். போன மணலை மீட்க இயலாது, இருப்பதைக் காக்கலாம்.