அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியர் கோயில்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷன் வரை பயின்று, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் எமக்கு வரலாறு பேசத் தகுதி உண்டோ என அறியோம். எனினும், ஊர் விட்டு வந்து ஸ்ரீராம்புரத்தில் குடியேறிய நம் அனைவருக்கும் படிப்பினையாகும் செய்தி ஒன்று உண்டு, அதனால் துணிந்தோம்.

சென்னை ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரன் தெரு என ஒன்று உள்ளது. அங்கே அரண்மனை ஏதும் இல்லை. 'ஆர்மீனியன்' என்னும் சொல்லே தமிழர் நாவில் அவ்வாறு திரிந்தது. 1772ஆம் ஆண்டில் எழுந்த புனித மரியன்னை ஆர்மீனியர் கோயில் அத்தெருவில் இன்றும் நிற்கிறது.

இந்த ஆர்மீனியர் யாவர்? பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05ஆம் ஆண்டுகளில் ஜுல்பா நகரத்து மக்களைப் பெயர்த்து இஸ்பஹான் அருகே குடியேற்றினார். அவ்வழி வந்த வணிகரே பின்னர் சென்னையையும் நாடினர். 1688இல் அவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். கம்பெனியின் ஊர்களில் நாற்பது ஆர்மீனியர் கூடி வாழுமிடத்தில் கோயிலுக்கு நிலம் தரவேண்டும் என்பது அதில் ஒரு விதி.

வந்தவர்கள் தமக்கு மட்டுமே வாழவில்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் வணிகர் 1726இல் தம் பொருளைச் செலவிட்டு, சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது பாலம் அமைத்தார். பரங்கிமலை ஏறப் படிகளும் அமைத்தார். அவர் 1751இல் மறைந்தார். உடல் சென்னையில் அடங்கியது. அவர் விருப்பப்படி இதயம் மட்டும் ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது என்பர். புலம்பெயர்ந்தோர் நெஞ்சத்தை இதனினும் தெளிவாக யார் உரைக்க வல்லார்?

ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியார் 1794இல் சென்னையில் 'அஸ்தரார்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே! தாயகத்தில் தோன்றாதது நம் சென்னையில் தோன்றியது. அவ்விதழ் 1796 வரை நடந்தது. அவர் கல்லறையும் அக்கோயிலிலேயே உள்ளது.

இன்று அங்கு ஆறு மணிகள் தொங்குகின்றன. ஒன்றில் தமிழ் எழுத்துகளும் உள. ஆனால் வழிபட வரும் ஆர்மீனியர் சென்னையில் இல்லை என்றே சொல்லலாம். கொல்கத்தாவிலுள்ள ஆர்மீனியரே அதனைப் பேணி வருகின்றனர்.

அன்பர்களே! நம் இல்லங்களைச் சற்று நோக்குவோம். பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். ஆனால் பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் விழிக்கின்றனர். கன்னடம் கற்கட்டும், அது நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழி. உஸ்கானைப் போல நாமும் இவ்வூருக்குப் பயன்பட வாழ்வோம். அதனால் தமிழெழுத்து மறக்கவேண்டும் என்பதில்லையே! நாற்பது பேர் கூடினால் கோயில் என்றனர் அவர்கள். நாற்பது பிள்ளைகள் கூடினால் ஒரு தமிழ் வகுப்பு என நாம் கூறலாகாதா? கட்டடம் கல்லால் நிற்கும். மொழி கற்பாரால்தான் நிற்கும். வரும் ஞாயிறு முதல் பிள்ளைகளைச் சங்கத்துக்கு அனுப்பிவைக்குமாறு பெற்றோரை வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்!