நோய் ஒருவருக்கு, மருந்து இருவருக்கு

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயரைக் கொண்டே அதனை அவர்கள் எவ்வாறு கருதினர் என்பதை நாம் அறியலாம். உடலுறவினால் தொற்றும் நோய்களை மேகம் என்றும், வெட்டை என்றும், கிரந்தி என்றும் தமிழர் வழங்கினர். ‘பெண் சீக்கு’ என்ற சொல்லும் பேச்சு வழக்கில் உண்டு. நாம் குடியேறி வாழும் இத்தெலுங்கு நாட்டிலோ அவற்றைச் ‘சுகவியாதி’ என்கின்றனர். ஒரு பெயர் பெண்மீது பழி சுமத்துகிறது. மற்றொன்று, இன்பத்திற்குக் கிடைத்த தண்டனை இது என்று குறிப்பாகச் சொல்கிறது. கிருமிக்கோ பழியும் தெரியாது, பாவமும் தெரியாது.

இப்பழி ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. அதற்கு நாம் வாழும் பகுதியே சான்று. போலாரமும் செகந்தராபாத்தும் படைவீடுகளாக வளர்ந்த ஊர்கள். மதராஸ் படையுடன் வந்து இங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. 1864ஆம் ஆண்டின் கண்டோன்மெண்டுச் சட்டமும், 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் நடைமுறையில் இருந்த காலத்தில், செகந்தராபாத்தில் ‘லாக் ஆஸ்பத்திரி’ ஒன்று நடைபெற்றது. விலைமகளிர் எனக் கருதப்பட்ட பெண்களின் பெயர்களைப் பதிவு செய்து, குறித்த நாட்களில் சோதித்து, நோய் கண்டால் குணமாகும் வரை அங்கே அடைத்து வைத்தனர். அவர்களிடம் வந்து சென்ற சிப்பாய்களை அவ்வாறு பதிவு செய்வார் இல்லை. பெண்கள் சோதனைக்கு அஞ்சி ஒளிந்தனர். நோயோ ஒழியவில்லை. 1868ஆம் ஆண்டுச் சட்டம் 1888இல் நீக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. இருவரிடையே உலவும் நோயை ஒருவரிடம் மட்டும் தேடினால் அது அகலாது. அச்சுறுத்தினால் நோயாளி மருத்துவரை நாடமாட்டார், மறைந்து கொள்வார். இன்று நம்மை அடைத்து வைக்கச் சட்டம் இல்லை. ஆனால் வெட்கம் என்னும் பூட்டை நாமே போட்டுக்கொள்கிறோம்.

அந்தப் பூட்டினால் விளையும் கேட்டைப் பார்ப்போம். கிரந்தி எனப்படும் சிபிலிஸ் முதலில் ஒரு சிறு புண்ணாகத் தோன்றும். பெரும்பாலும் அதில் வலி இராது. சில வாரங்களில் மருந்தின்றியே ஆறிவிடும். ‘போய்விட்டது’ என்று நாம் மகிழ்வோம். உண்மையில் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றலாம், அவையும் மறையும். பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் அது தாக்கக்கூடும். கருவுற்ற தாய்க்கு இருந்தால் குழந்தை இறந்தே பிறக்கலாம். இத்தனைக்கும் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பெனிசிலின் ஊசி இந்நோயைக் குணப்படுத்திவிடும். 1943 முதல் கையாளப்பட்டு வரும் மருந்து இது. இன்றும் பயன் தருகிறது.

வெட்டை எனப்படும் கொனோரியா வேறு வகை. ஆணுக்குச் சில நாட்களிலேயே சீழும் எரிச்சலும் காணும். பெண்ணுக்கோ பெரும்பாலும் ஒரு குறியும் தோன்றாது. கிளமிடியா என்னும் நோய் இருபாலரிடமும் ஓசையின்றித் தங்கும். கவனியாது விட்டால் இவை பெண்ணின் கருக்குழாயை அடைத்து, மகப்பேற்றையே தடுத்துவிடும். பிறகு, ‘மலடி’ என்ற பழியும் அவள்மீதே விழும்! மேலும், கொனோரியாக் கிருமி பழைய மருந்துகள் பலவற்றை வென்றுவிட்டது. ஆகவே கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும், நண்பர் மிச்சம் வைத்த மாத்திரையும் உதவா.

கணவர் மட்டும் மருந்துண்டு, மனைவியிடம் சொல்லாது விட்டால் என்ன ஆகும்? குணமான சில நாட்களில் அவளிடமிருந்து அந்நோயே அவரிடம் திரும்பும். எனவே இருவரும் ஒரே காலத்தில் மருத்துவம் பெற வேண்டும். மருத்துவர் குறித்த நாள் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். சொல்வது எளிதன்று. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்வோம். இந்நோய்களுட் சில ஆண்டுக்கணக்கில் வெளிப்படாமல் இருக்கக் கூடியவை. இன்று கண்ட நோய் நேற்றைய துரோகத்திற்குச் சான்றாகிவிடாது. ‘யாரால் வந்தது?’ என்ற வழக்கை ஒத்திவைத்து, ‘இருவரும் எப்போது மருத்துவமனைக்குப் போவோம்?’ என்று கேட்பதே அறிவுடைமை.

குடும்பத்தை ஊரில் விட்டு இங்கே பணிபுரியும் நம்மவர்க்கு இது மேலும் பொருந்தும். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது புடவையுடன் நோயையும் கொண்டு செல்லலாகாது. ஐயம் இருந்தால் புறப்படுமுன்பே சோதித்துக்கொள்வோம். ஐயம் தீரும் வரை ஆணுறை பயன்படுத்துவோம். மொழி தெரியாத ஊரில் எவரிடம் சொல்வது என்று தயங்கி, சுவரொட்டி வைத்தியரிடம் பணத்தை இழக்க வேண்டா. அரசு மருத்துவமனைகளில் ‘சுரக்ஷா’ என்ற பெயரில் இந்நோய்களுக்கான சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன, சிகிச்சை இலவசம். எச்.ஐ.வி. சோதனைக்கு, தமிழ்நாட்டில் நாம் ‘நம்பிக்கை மையம்’ என்று அறிந்தவற்றைப் போன்ற நிலையங்கள் இங்கும் உண்டு. 1097 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அன்று அதற்கு மருந்தில்லை. இன்றோ நாள்தோறும் மருந்துண்டு நெடுங்காலம் வாழலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரது ஒப்புதலின்றி எச்.ஐ.வி. சோதனை செய்வதையும், அவரது நிலையை வெளியிடுவதையும் தடை செய்கிறது. பெண்களை அடைத்து வைத்த 1868ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நாம் வந்துள்ள தூரம் இது. மருந்து ஆயத்தமாக இருக்கிறது. சட்டமும் துணை நிற்கிறது. எஞ்சியிருப்பது, வாழ்க்கைத் துணையிடம் நாம் வாய்திறந்து சொல்ல வேண்டிய ஒரு சொல்லே.